சின்னச் சொற்களையும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு பற்றிய காணொளிகளைப் பார்த்தே ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ளலாம் என்று உங்கள் நாளிதழின் இளைஞர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல யோசனை. நானும் அந்த வழியில்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் கட்டுரையோடு பெட்டி கட்டிக் கொடுத்திருந்த சொற்பட்டியலைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை. அல்காரிதம், நியூரல் நெட்வொர்க், டேட்டாசெட், டீப் லேர்னிங் என்று பட்டியல் முழுக்கத் துறைச் சொற்கள். இவற்றை மனப்பாடம் செய்துகொண்டு காணொளியைப் பார்த்தால் இந்தச் சொற்கள் மட்டும் காதில் விழும், வாக்கியம் பிடிபடாது.

பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழில் முடித்தவள் நான். கணக்குப் பிரிவில் வேலை. அலுவலகத்தில் புதிய மென்பொருள் வந்தபோது அதற்கான விளக்கமெல்லாம் ஆங்கிலக் காணொளிகளாகவே கிடைத்தன. அதில் தொடங்கியது, இரவு வேலையெல்லாம் முடிந்த பிறகு ஒரு காணொளி என்று பழக்கமாகிவிட்டது. கணக்கு வேலை இதற்குக் கைகொடுத்தது என்றே சொல்ல வேண்டும். எரர், எஸ்டிமேட், ஆவரேஜ், அட்ஜஸ்ட் எல்லாம் நான் அன்றாடம் புழங்கும் சொற்கள். கணினி எப்படிக் கற்கிறது என்று விளக்குபவர்கள், அது முதலில் ஒரு விடையைக் கணிக்கும், சரியான விடையோடு ஒப்பிட்டு எவ்வளவு பிசகியது என்று பார்க்கும், பிசகு குறையும்படி உள்ளே இருக்கும் எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தும் என்று சொல்வார்கள். பாதி விஷயம் முன்பே புரிந்துவிடுவதால் மீதி ஆங்கிலத்தை ஊகித்துப் பிடிக்க முடிந்தது. அவரவர் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கும் காணொளியில் தொடங்குங்கள் என்று அந்தக் கட்டுரை சொல்லியிருந்தால் பலருக்கும் உதவியிருக்கும்.

என்னை உண்மையில் தடுக்கி விழவைத்தவை அஸ்யூம் (அப்படியென்று வைத்துக்கொள்வது), டெண்ட் டு (பெரும்பாலும் அப்படிச் செய்யும்), லைக்லி (நடக்க வாய்ப்புள்ளது), அன்லெஸ் (இல்லாவிட்டால்), ராதர் தேன் (அதற்குப் பதிலாக) போன்ற சின்னச் சொற்கள். துறைச் சொல் வந்தால் பேசுபவரே நிறுத்தி விளக்குவார், திரையில் படம் போட்டுக் காட்டுவார். 'அன்லெஸ்' என்பதற்கு யாரும் படம் போடுவதில்லை. அரை நொடியில் கடந்துபோகும். அதை விட்டுவிட்டால் சொன்னதற்கு நேர்மாறாகப் புரிந்துகொள்வோம்.

இந்தத் துறைக்குப் பெயர் வைத்த ஆவணத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நதானியேல் ரோசெஸ்டர், கிளாட் ஷானன் ஆகிய விஞ்ஞானிகள் நால்வரும் 1955-ல் ஒரு திட்டக் குறிப்பு எழுதினார்கள். 1956 கோடையில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஆய்வாளர்களைக் கூட்டி இதைப் பற்றி ஆராய வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. 'ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்ற பெயர் அதில்தான் வருகிறது. கற்றலின் ஒவ்வொரு கூறையும், அறிவின் வேறெந்தத் தன்மையையும், ஓர் இயந்திரம் அதைப் போலவே செய்துகாட்டும் அளவுக்குத் துல்லியமாக விவரித்துவிட முடியும் என்று அதில் ஒரு வாக்கியம். அதே வாக்கியத்தில் 'கஞ்செக்சர்' என்ற சொல்லும் இருக்கிறது. ஊகம் என்று பொருள். 'இன் பிரின்சிபிள்' என்ற தொடரும் இருக்கிறது. கொள்கையளவில் என்று பொருள். இரண்டையும் தாண்டிப் போகிறவர், அன்றைக்கே நான்கு விஞ்ஞானிகள் அடித்துச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். அவர்களோ, இப்படி ஓர் ஊகத்தை வைத்து ஆராயப்போகிறோம் என்றுதான் எழுதினார்கள்.

இது பழைய கதை என்று ஒதுக்க முடியாது. என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருநாள் முகம் வாடிப்போய் வந்தார். கணக்கு எழுதும் வேலையே இல்லாமல் போய்விடுமாம் அக்கா, காணொளியில் சொன்னார்கள் என்றார். மதிய இடைவேளையில் அதே காணொளியை இருவருமாகப் போட்டுப் பார்த்தோம். பேசியவர் 'குட்' (could, நடக்கலாம்) என்று சொல்லியிருந்தார், 'வில்' (will, நடக்கும்) என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் 'இஃப்' (if, இப்படி ஆனால்) போட்டு ஒரு நிபந்தனையும் இருந்தது. கவலை முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடக்கலாம் என்பதும் நடந்தே தீரும் என்பதும் ஒன்றல்ல. பிழைப்பைப் பற்றிய செய்தியில் ஒருவருக்கு அந்த வேறுபாடு தெரியாமல் போவது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இந்தக் கடிதத்தை எழுத வைத்ததும் அதுதான்.

பட்டியல் வேண்டும் என்றால் நல்ல பட்டியல் இல்லாமல் இல்லை. நியூசிலாந்து ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் ஆங்கிலச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே சொல்லிலிருந்து கிளைத்த சொற்களின் தொகுதிகள், இருக்கின்றன. எந்தத் துறைப் பாடநூலை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும் சொற்களாகப் பார்த்துத் திரட்டியது அது. அஸ்யூம், எஸ்டிமேட், பிரெடிக்ட், அப்ராக்ஸிமேட், பயஸ், ராண்டம் எல்லாம் அதில் உண்டு. செயற்கை நுண்ணறிவுக் காணொளிகளிலும் இவை நிமிடத்துக்கு நிமிடம் காதில் விழும். இந்தச் சொற்களைத் தெரிந்துகொண்டால் பொருளாதாரம், மருத்துவம் என்று எந்தக் காணொளிக்கும் ஆகும்.

காணொளியைத் தேர்ந்தெடுப்பதிலும் கட்டுரையிலிருந்து எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து உண்டு. குறுங்காணொளிகள் போதும் என்று எழுதியிருந்தீர்கள். அவற்றில் வருவது பெரும்பாலும் வியப்புச் சொற்கள்தான். 'மைண்ட் புளோயிங்', 'கேம் சேஞ்சர்' என்பதையே நாளெல்லாம் கேட்டு என்ன பயன்? ஒரே ஆள் நிதானமாக விளக்கும் தொடர் ஒன்றைப் பிடித்துக்கொண்டால், அவருடைய உச்சரிப்பும் அவர் வழக்கமாகக் கையாளும் தொடர்களும் சீக்கிரம் பழகிவிடும். வேகமாகப் பேசுகிறார் என்றால் முக்கால் வேகத்தில் வைத்துக் கேட்கலாம். யூடியூபில் சில காணொளிகள் தானாகவே வேறு மொழிக் குரலில் ஓடுகின்றன. அமைப்பில் போய் மூலக் குரலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம், பேச்சோடு திரையின் கீழே ஓடும் எழுத்து வரிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. கணினி தானாகப் போடும் வரிகளில் பெயர்களும் துறைச் சொற்களும் சில நேரம் தப்பாக வருகின்றன. பேச்சாளர் தரப்பே சரிபார்த்துப் போட்ட வரிகள் இருந்தால் அந்தக் காணொளியை எடுப்பது நல்லது.

குறிப்பேட்டில் நான் தனிச் சொல்லை எழுதுவதில்லை. கேட்ட வாக்கியத்தை முழுதாக எழுதி, அந்தச் சொல் இருக்கும் இடத்தை மட்டும் காலியாக விடுவேன். சில நாள் கழித்துப் பார்த்து நிரப்ப முயல்வேன். வரவில்லை என்றால் காணொளியில் அந்த இடத்தைத் தேடிப் போய் மறுபடி கேட்பேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு ஒரு காணொளி வாக்கியத்தை எடுத்து அச்சிடுங்கள். அதில் இருக்கும் சின்னச் சொல் ஒன்றை எடுத்துவிட்டால் பொருள் எப்படி மாறுகிறது என்று தமிழில் நான்கு வரி எழுதுங்கள். அரைப் பத்தி இடம் போதும். பக்கத்தின் ஓரத்தில் வந்தாலும் போதும், வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவில் பணிபுரியும் ஒரு வாசகி