‘ஹெரிடேஜ்’ அல்ல, ‘ஹெரிட்டிஜ்’

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளைச் சுற்றிக்காட்டும் பிள்ளைகள் பலர் பாரம்பரியத்தை ‘ஹெரிடேஜ்’ என்கிறார்கள். ‘ஹெரிட்டிஜ்’ என்பதே சரி, அழுத்தம் ‘ஹெ’யில். சொத்தை வாரிசாகப் பெறுவது ‘இன்ஹெரிட்’. இதில் அழுத்தம் நடுவில். வாரிசோ ‘எயர்’; எழுத்தில் உள்ள ‘எச்’ ஒலிக்காது.

பழம்பொருள் கடைகளில்தான் குழப்பம் அதிகம். பழம்பொருளை ‘ஆன்டிக்’ என்று குறுக்கினால் கோமாளித்தனம் என்று பொருளாகிவிடும். ‘ஆன்டீக்’ என ‘டீ’யை நீட்டி அழுத்த வேண்டும். தொல்பொருளைக் குறிக்கும் ‘ஆன்டிக்விட்டி’யில் ‘க்வி’ தெளிவாக ஒலிக்கும், அழுத்தமோ அதற்கு முந்தைய ‘டி’யில். அது சட்டச் சொல்லும்கூட. 1972ஆம் ஆண்டின் இந்தியத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம் போன்றவை அதில் அடங்கும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டவரிடம் விற்பவர்கள் ‘ஆன்டீக்’, ‘ஆன்டிக்விட்டி’ இரண்டையும் கலந்து பேசக் கூடாது. வழிகாட்டிகளுக்கான பயிற்சியில் இந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லவைக்க வேண்டும்.

— ஆங்கில ஆசிரியர், தேவகோட்டை