ஸ்டூல் போட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜவுளிக்கடைக்கு ஆள் கிடைப்பதில்லை, வந்தவர்களும் தீபாவளி முடிந்ததும் நின்றுவிடுகிறார்கள் என்று சேலத்துக் கடைக்காரர்கள் குறைப்படுவதைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். சம்பளம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய பஸ் நிலையம் பக்கம் ஒரு கடையில் புடவை செக்‌ஷனில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன். மாடியில் நம்மை மேய்க்கிற சூப்பர்வைசர் எப்படிப் பேசுகிறார் என்பதை வைத்துத்தான் பாதிப் பெண்கள் இருப்பதா போவதா என்று முடிவு செய்கிறார்கள்.

2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே நேரம் கிடைத்தால் அவர்கள் உட்கார்ந்துகொள்ள முடிய வேண்டும் என்பது அதன் சாரம். கேரளத்தில் 2018-லேயே இது வந்துவிட்டது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு இரவெல்லாம் தூங்காத எத்தனையோ அக்காமார்களை அறிந்தவள் நான். சட்டம் வந்ததில் அவ்வளவு சந்தோஷம்.

சரி, எங்கள் கடையிலும் ஸ்டூல்கள் வந்தன. மூன்றாவது மாடி சூப்பர்வைசர் ஒரு நாளும் "உட்காராதே" என்று சொன்னதில்லை. யாராவது உட்கார்ந்தால் நேராக வருவார். அடுக்கி வைத்த புடவைகளில் நாலைந்தை உருவிக் கவுண்டரில் போட்டு, "இதையெல்லாம் யார் மடிக்கிறது?" என்பார். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் ஸ்டூல்கள் மேல் ரவிக்கைத் துணி அட்டைப்பெட்டிகள் ஏறிவிட்டன. சோதனைக்கு வருகிறவர் பார்த்தால் ஸ்டூல் இருக்கும், கணக்குச் சரியாக இருக்கும்.

இரண்டாவது மாடியில் அதே சம்பளம்தான், அதே சாப்பாட்டு நேரம்தான். ஆனால் அங்கே இருந்த அண்ணன் காலையில் கடை திறந்ததும், நேற்று வந்தவர்கள் என்ன கேட்டார்கள், நம்மிடம் என்ன இல்லை என்று ஒவ்வொரு செக்‌ஷனாக வந்து கேட்பார். ஒருமுறை வாழப்பாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "இளம்பிள்ளை ஊர்ப் புடவையில் எல்லோரும் வெளிர் நிறமாகக் கேட்கிறார்கள் அண்ணா, நாம் அடர் நிறமாகவே வாங்கி வைத்திருக்கிறோம்" என்றாள். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன பெண். அடுத்த சரக்கில் வெளிர் நிறம் வந்தது. அந்தப் புடவைகளை அவள் விரித்துக் காட்டியதைப் பார்த்திருக்க வேண்டும், தானே நெய்து கொண்டுவந்தவள் மாதிரி அப்படி ஒரு பெருமை. மேல் மாடிப் பெண்களுக்கும் இது தெரியாமல் இல்லை. சொன்னால் "உன் வேலையைப் பாரு" என்று பதில் வரும், அதனால் யாரும் வாய் திறக்கவில்லை.

ஆடி மாதம் எங்களுக்குப் பெரிய சோதனை. தள்ளுபடி விற்பனையும் கோட்டை மாரியம்மன் பண்டிகையும் ஒன்றாக வரும். மேல் மாடியில் யாருக்கும் லீவு கிடையாது என்று முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். பொங்கல் வைக்கிற நாளில் பார்த்தால் ஒருத்திக்கு வயிற்றுவலி, ஒருத்தி வீட்டில் சாவு. இரண்டாவது மாடி அண்ணன், "எத்தனை பேர் இருந்தால் சமாளிக்கலாம் என்று நீங்களே பேசிப் பட்டியல் போடுங்கள்" என்பார். ஆளுக்கு அரை நாள் என்று நாங்களே பிரித்துக்கொண்டோம். சொன்ன நேரத்துக்கு வராதவள் என்று ஒருத்தியைக்கூட எனக்கு நினைவில்லை.

எம்.பி.ஏ. படிக்கிற என் மகளிடம் இதைச் சொன்னபோது, இதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது என்றாள். அமெரிக்காவில் குர்ட் லெவின் என்ற உளவியல் ஆய்வாளரும் லிப்பிட், ஒயிட் என்ற இருவரும் பத்து வயதுப் பையன்களைக் குழு குழுவாகப் பிரித்துக் கைவேலை செய்ய வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1939-ல் வெளிவந்த ஆய்வு. அதட்டி வேலை வாங்கிய குழுவில், தலைவர் அறையை விட்டுப் போனதும் வேலை படுத்துவிட்டதாம். கலந்து பேசி நடத்திய குழுவில் அவர் போன பிறகும் வேலை நடந்துகொண்டிருந்ததாம். சூப்பர்வைசர் சாப்பிடக் கீழே இறங்கியதும் மூன்றாவது மாடி எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் கண்டவள் என்பதால், எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அதற்காக அந்த மூன்றாவது மாடிக்காரரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவரும் சிறு வயதில் துணி மடிக்க வந்து மேலே ஏறியவர். நன்றாக விற்றார், சூப்பர்வைசர் ஆக்கினார்கள். ஆட்களை எப்படி நடத்துவது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தினமும் காலையில் எல்லோர் முன்னாலும் "நேற்று டார்கெட் ஏன் வரவில்லை" என்று நிர்வாகம் அவரைக் கேட்கும். வாங்கிய திட்டை அப்படியே மாடிக்கு எடுத்து வருவார். அவரிடம் விற்பனைக் கணக்கு கேட்டார்களே தவிர, எத்தனை பேர் நின்றுவிட்டார்கள், ஏன் நின்றார்கள் என்று யாரும் கேட்டதில்லை. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ரகம், விலை, மடிப்பு எல்லாம் பழக்கிவிட மாதக்கணக்கில் ஆகிறது. அவள் போனால் அந்த உழைப்பும் போகிறது. அந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

தொழிலாளர் துறையினருக்கு ஒரு வேண்டுகோள். சோதனைக்கு வரும்போது ஸ்டூல்களை எண்ணிவிட்டுப் போகாதீர்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாதபோது இரண்டு பெண்களிடம், கடைசியாக எப்போது உட்கார்ந்தாய் என்று கேளுங்கள். கடை முதலாளிகள் இந்தத் தீபாவளிக்கு "ஆட்கள் தேவை" போர்டு வைப்பதற்கு முன்னால், போன வருடம் நின்றுபோனவர்களில் நாலு பேருக்குப் போன் போட்டு, ஏன் நின்றாய் என்று விசாரிக்கட்டும். அப்படி விசாரிக்கிற பொறுப்பை மட்டும் தயவுசெய்து அந்தந்த மாடி சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.