கோழிக்கொட்டகை நாற்றம்: ஈரத்தைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்னாப்பிரிக்காவின் வெருலம், டொங்காட் பக்கம் கோழிப்பண்ணைகளை ஒட்டிக் குடியிருப்போர் பொழுது சாய்ந்ததும் சன்னலைச் சாத்திவிடுகிறார்கள். பகலில் சூடேறிய காற்று நாற்றத்தை மேலே கொண்டுபோய்க் கலைத்துவிடும்; இரவில் குளிர்ந்த காற்று தரையோடு இறங்கிப் பள்ளத்து வீடுகளில் தேங்கும்.

எச்சத்தைவிட ஈரம்தான் வில்லங்கம். கொட்டகைத் தரையில் பரப்பிய மரத்தூளில் ஈரம் 20 முதல் 25 சதவீதம் இருந்தால் சரி. 30-ஐத் தாண்டினால் நுண்ணுயிர்கள் எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தைச் சிதைத்து அம்மோனியாவாக்கும். இதற்குக் கருவி வேண்டாம்: ஒரு கைப்பிடி தூளை அள்ளி இறுக்கிப் பிடித்து, பிறகு கையை விரியுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். மெல்ல உதிர்ந்தால் நல்லது. ஈரத்துக்குப் பெரும்பாலும் சொட்டும் தண்ணீர் நிப்பிள்தான் (கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனை) காரணம். கோழி வளர வளரக் குழாயை உயர்த்த வேண்டும். தாழ்ந்திருந்தால் பறவை இடித்துத் தண்ணீரைக் கீழே சிந்தும். கட்டிதட்டிய தூளை அன்றே வெட்டி அகற்றுங்கள். வாசனைத் தெளிப்பான் வீண் செலவு.

எருவை வெயில் ஏறிய பிறகே, தார்ப்பாய் மூடிய லாரியில் அள்ளுங்கள்.

நாற்றத்தைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது இடத்தை வைத்திருப்பவரின் கடமை என்கிறது 2004-ஆம் ஆண்டுக் காற்றுத்தரச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு. புகார் எழுதுவோர் தேதி, நேரம், காற்றின் திசை மூன்றையும் குறித்து அனுப்புங்கள். ‘எப்போதும் நாறுகிறது’ என்று எழுதினால் அதிகாரி கோப்பைத் திறக்கக்கூட மாட்டார்.

— பண்ணைத் தொழில் அறிந்த வாசகர்கள், குவாசுலு-நேட்டால்