பாத்ஃபைண்டர் கழுகு வீரப் பதக்கம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை விரும்பிப் படித்தேன். இரவுத் தாக்குதல்களின் அவலத்தைக் கட்டுரையாளர் மிகைப்படுத்தாமல் எழுதியிருக்கிறார். ஆயினும், கட்டுரையுடன் வந்த படத்தின் கீழே ‘வீரப் பதக்கம் அணிந்த பாத்ஃபைண்டர் விமானி’ என்று அச்சிட்டிருப்பது இரண்டு வகையில் தவறு: அவர் விமானி அல்லர்; மற்ற விமானங்களுக்கு முன்னே சென்று இலக்கைக் காட்டிய பாத்ஃபைண்டர் படையின் கழுகுச் சின்னம் வீரப் பதக்கமும் அல்ல. கட்டுரைக்குள்ளும் அதே தவறு தொடர்வதால் இதை எழுதுகிறேன்.

படத்தில் இருப்பவர் விமானி அல்லர். விமானியின் சின்னத்தில் இரண்டு சிறகுகள் இருக்கும். இவருடைய மார்பில் இருப்பதோ ஒற்றைச் சிறகு. அதன் அடியில் இலை வளையத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்து தெளிவாகவே தெரிகிறது. அது ஃபிளைட் இன்ஜினியரின் சின்னம். இவர்கள் பறந்த லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தில் இரண்டாவது விமானி கிடையாது. விமானியின் பக்கத்தில் அமர்ந்து, நான்கு என்ஜின்களையும் எரிபொருள் அளவையும் கவனித்துக்கொண்டவர் இவர்தான். வேல்ஸ் நாட்டில் உள்ள செயின்ட் ஏதனில் பயிற்சி முடித்துத் தேறிய பிறகே இந்தச் சிறகைத் தைத்துக்கொள்ள முடியும்.

ஏழு பேர் பறந்த அந்த விமானத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பயிற்சியும் தனிச் சின்னமும் இருந்தன. போரின் தொடக்கத்தில் திசையறிந்து வழி சொல்வதையும் குண்டு போடுவதையும் அப்சர்வர் ஒருவரே பார்த்தார். அவருக்கு ‘ஓ’ எழுத்துச் சின்னம். 1942-இல் அந்த வேலையை நேவிகேட்டர், குண்டு வீசுபவர் என இரண்டாகப் பிரித்தபோது ‘என்’, ‘பி’ எழுத்துகள் வந்தன. வயர்லெஸ் ஆபரேட்டரின் நிலை சற்று விநோதமானது. அவர் மோர்ஸ் என்னும் தந்திக் குறியீட்டுப் பயிற்சியில் தேறியதற்கு அடையாளமாக, மின்னல்களைப் பற்றிய கைமுஷ்டிச் சின்னத்தைச் சட்டைக் கையில் அணிந்தார். ஆனால் தமக்கென ஒரு சிறகு வரும்வரை, துப்பாக்கிப் பயிற்சியும் முடித்து, துப்பாக்கி வீரருக்குரிய ‘ஏ.ஜி.’ சிறகையே மார்பில் அணிய வேண்டியிருந்தது.

அந்தத் துப்பாக்கிப் பயிற்சியில் மதிப்பெண் போட்ட முறை சுவையானது. ஒரு விமானம் நீண்ட கயிற்றில் துணிப்பை ஒன்றை இழுத்துச் செல்லும். பயிற்சி பெறுவோர் மற்றொரு விமானத்திலிருந்து முறைவைத்து அதைச் சுடுவார்கள். ஒவ்வொருவருடைய தோட்டாக்களின் முனையும் வெவ்வேறு வண்ணத்தில் தோய்க்கப்பட்டிருக்கும். தரையிறங்கியபின் துணியை விரித்து, ஓட்டைகளின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் வண்ணத்தைப் பார்த்து எண்ணுவார்கள். யார் எத்தனை முறை குறி தவறினார் என்பதை மறைக்க வழியே இல்லை.

இனி, கட்டுரையாளர் ‘தங்க நிறப் பதக்கம்’ என்று குறிப்பிடும் கழுகுக்கு வருகிறேன். இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒரு பங்கே இலக்கிலிருந்து ஐந்து மைல் தொலைவுக்குள் குண்டு போட்டிருந்ததை, இரவில் எடுத்த புகைப்படங்களைக் கொண்டு 1941 ஆகஸ்டில் பட் என்பவரின் ஆய்வறிக்கை வெளிப்படுத்தியது. முன்னே சென்று இலக்கின்மேல் ஒளிக்குறி போட்டுக் காட்டும் தனிப் படையாகப் பாத்ஃபைண்டர் படை 1942 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதற்கு இந்த நிலைமையே காரணம். திறமையானவர்களைப் பொறுக்கியெடுத்தால் மற்ற ஸ்குவாட்ரன்கள் (விமானப் பிரிவுகள்) நலிந்துவிடும் என்று குண்டுவீச்சுப் படைத் தளபதி ஹாரிஸ் எதிர்த்தும், மேலிடத்தின் முடிவே நின்றது. படையின் தலைவராக வந்த ஆஸ்திரேலியரான டான் பென்னெட், போருக்கு முன் இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பயணிகள் விமான நிறுவனத்தில் பறந்தவர்; 1940 நவம்பரில் ஹட்சன் விமானங்களின் முதல் அணியை அட்லாண்டிக் கடலுக்கு மேலே வழிநடத்தி வந்தவர். வழி தவறுவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. அப்படிப்பட்டவர் கழுகை வெறும் அலங்காரமாக வழங்கியிருப்பாரா?

படையில் சேர்ந்த உடனே யாருக்கும் அது கிடைக்கவில்லை. போர்ப் பறப்புகளில் தம் திறமையைக் காட்டி, தம் வேலையில் தேர்வும் எழுதித் தேறியவருக்கு, இடது சட்டைப் பையின் மேல், பதக்க நாடாக்களுக்குக் கீழே, அந்தக் கழுகைக் குத்திக்கொள்ள அனுமதி தரப்பட்டது. அதுவும் படையில் இருக்கும்வரைதான். படையை விட்டுப் போனபின் அதை அணிவதற்குப் பென்னெட்டின் எழுத்துப்பூர்வமான சான்று தனியே வேண்டும். மற்ற ஸ்குவாட்ரன்களில் முதல் சுற்று 30 பறப்புகளோடு முடிந்து ஓய்வு கிடைக்கும். பாத்ஃபைண்டர்களோ பொதுவாக 45 பறப்புகளை ஒரே தொடராக முடிக்க வேண்டியிருந்தது. குண்டுவீச்சுப் படை மொத்தத்தில் 55,573 பேர் இறந்த போரில் இந்த நிபந்தனையின் கடுமையை நான் விளக்க வேண்டியதில்லை. வீரப் பதக்கம் மேலதிகாரியின் பரிந்துரையில் கிடைப்பது. கிடைத்தபின் இடம் மாறினாலும் அவரோடே இருப்பது. கழுகு அப்படியல்ல. பதக்கத்தைவிட அதையே பெரிதாக மதித்தவர்கள் இருந்திருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

‘மார்பில் கழுகு மின்ன அவர்கள் பெர்லினை நோக்கிப் பறந்தார்கள்’ என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதும் நடந்திருக்க முடியாதது. போர்ப் பறப்பின்போது கழுகை அணியக் கூடாது என்பது விதி. எதிரி மண்ணில் குதிக்க நேர்ந்தால், பிடிபட்டவர் எந்தப் படையைச் சேர்ந்தவர் என்பதைச் சட்டைப்பையே காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா?

தொடரின் அடுத்த பகுதியில் படக்குறிப்பை ‘பாத்ஃபைண்டர் தகுதிச் சின்னம் அணிந்த ஃபிளைட் இன்ஜினியர்’ என்று திருத்தி வெளியிடுமாறும், நூலாக வரும்போது பெர்லின் வரியை நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்