வேன், கார் ஓட்டுநர் உரிமையாளர் சங்கம், காரைக்குடி – 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணனுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஆயுத பூஜை வழக்கம்போல நம்ம ஸ்டாண்டுல நடந்துச்சு. கண் சிகிச்சை முகாம் ஒண்ணு வச்சோம். மாசக் கூட்டம் நடந்துச்சு, பாதி மாசம் ஆள் சேரல.

இந்த வருஷம் நான் அதிகம் அலைஞ்சது போலி எஃப்சி விஷயத்துக்குத்தான். எஃப்சின்னா வண்டிய நேர்ல பார்த்து, ஓடத் தகுதியா இருக்குன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல கொடுக்குற சான்று. நம்ம உறுப்பினர் ஒருத்தர் கானாடுகாத்தான் கல்யாண வீட்டு டிரிப்புக்கு முந்தின நாள் எங்கிட்ட பேப்பரக் காட்டுனாரு, வண்டியக் கொண்டு போகாமலே புரோக்கர் வாங்கிக் கொடுத்ததாம். பார்க்க எஃப்சி கொடுக்குற அசல் படிவம் 38 மாதிரியேதான் இருந்துச்சு, ஆனா சேசிஸ் நம்பர்ல கடைசி ரெண்டு எழுத்து மாறியிருந்துச்சு, எம்பரிவாகன்ங்கிற அரசாங்க ஆப்ல வண்டி நம்பரப் போட்டா எஃப்சி முடிஞ்சு அஞ்சு மாசம்னு காட்டுது. பின் வீலக் கழட்டுனோம், பிரேக் ஷூல லைனிங் தேய்ஞ்சு ரிவெட்டு டிரம்ம அறுத்துக்கிட்டு இருந்துச்சு. அந்த வண்டியிலதான் மறுநாள் ஆச்சிமார், புள்ளைங்கள்லாம் ஏறியிருப்பாங்க. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

எஃப்சி இல்லன்னா சட்டப்படி அந்த வண்டிக்கு ஆர்சியே செல்லாத மாதிரிதான், ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிப்பான், வீட்ட வித்துக் கட்டணும். அசல் எஃப்சி இருந்தாலும் அசட்டையா பார்த்துக் கொடுத்தா என்ன ஆகும்னு 2012 ஜூலைல சென்னைப் பக்கம் சேலையூர் ஸ்கூல் பஸ்ல பார்த்தோமே, பஸ் தரையில இருந்த ஓட்டை வழியா விழுந்து செத்த அந்தப் புள்ளைய யாரால திருப்பித் தர முடிஞ்சுச்சு. வண்டிக்கு 8 வருஷம் ஆகுற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்சி, அதுக்கு மேல வருஷா வருஷம், இதுக்குக்கூட வண்டிய நேர்ல காட்ட நேரமில்லன்னா எப்படிண்ணே?

அதான் ஞாயித்துக்கிழமை காலைல 7 மணிக்கு நாமளே பிரேக், ஹேண்ட் பிரேக், லைட், டயர், வைப்பர் எல்லாம் பார்த்துட்டு அப்பறம் எஃப்சிக்கு வண்டி பார்க்குற பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டலாம்னு ஏற்பாடு பண்ணேன். பள்ளத்தூர், புதுவயல் ஆளுங்க ஒழுங்கா வந்தாங்க, ஸ்டாண்டுக்கு எதிர்லயே குடியிருக்கவங்க வரல. "செயலாளர் ஆர்டிஓ ஆபீசுக்கு ஆள் காட்டிக் கொடுக்குறாரு"ன்னு பேசுனதும் என் காதுக்கு வந்துச்சு. நான் யாரையும் காட்டிக் கொடுக்கல, பேப்பர் போலின்னு தெரிஞ்சவங்கள கையோட கூட்டிட்டுப் போயி முறைப்படி எஃப்சி எடுக்க வச்சேன், அதுக்கு அலைஞ்ச டீசல் என் கைக்காசு.

வரவு செலவு பொருளாளர்கிட்ட நோட்டுல இருக்கு, கூடக்குறைய சரிக்குச் சரி. சந்தா பாக்கி நிறைய நிக்குது, பேர வாசிக்க மனசு வரல. இடம் கொடுத்த ஒர்க்‌ஷாப்காரருக்கும், மோர் கொடுத்த ஆச்சிக்கும், நிர்வாகிகளுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் வேற யாராச்சும் செயலாளரா வந்தா சந்தோஷமா ஒதுங்கிக்கிறேன், ஆனா ஞாயித்துக்கிழமை செக்கிங்க மட்டும் விட்டுறாதீங்க. இப்ப ஜாக்கி போட்டுத்தான் அடியில படுத்துப் பார்க்குறோம், அது ஆபத்து. வண்டிய மேல நிறுத்திப் பார்க்க ஒரு பள்ளம் தோண்ட அதே ஒர்க்‌ஷாப்காரரு சரின்னுட்டாரு, செங்கல்லும் சிமெண்டும்தான் வேணும், பாக்கிச் சந்தா வந்தாலே அந்தச் செலவு அடங்கிரும்.

இப்படிக்கு,
செயலாளர்