ஸ்காபரோவில் மேற்கு ஆபிரிக்க இசை மாலைகளைக் கட்டணமின்றி நடத்தக் கோரும் மனு

பெறுநர்:
பொது முகாமையாளர்,
பூங்காக்கள், பொழுதுபோக்குத் துறை,
ரொறன்ரோ மாநகரசபை.

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி,

ஸ்காபரோ குடிமை மையத்தை ஒட்டிய ஆல்பேர்ட் கம்பல் சதுக்கத்தில், வரும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் நான்கு வெள்ளிக்கிழமை மாலைகளில், மேற்கு ஆபிரிக்க இசைக் கச்சேரிகளைத் திறந்தவெளியில் கட்டணமின்றி நடத்த மாநகரசபை இடமும் அனுமதியும் தந்து உதவவேண்டும் என, இப்பகுதியில் அயலவர்களாக வாழும் தமிழ், கானா, நைஜீரியக் குடும்பங்களின் சார்பில் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் மூத்தோரும் வாசித்துக் கையொப்பமிட வேண்டும் என்பதால் மனுவைத் தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பைத் தனியே இணைத்துள்ளோம்.

இந்நகரில் இத்தகைய இசைக்கு இலவச மேடையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 1989இல் தொடங்கிய ஆபிரிக்க இசைவிழாவான அஃப்ரோஃபெஸ்ட், குயின்ஸ் பார்க்கில் பல ஆண்டுகள் நடந்து, பின்னர் ஏரிக்கரையோர வுட்பைன் பூங்காவுக்கு மாறியது. ஆனால் அது கோடையின் ஒரேயொரு வாரவிடுமுறை. ஸ்காபரோவின் வடகிழக்கிலிருந்து அங்கு போவதும் எளிதன்று. 2023 யூலையில் தடம்புரண்ட ஸ்காபரோ இலகு ரயில் மீண்டும் ஓடாமலே மூடப்பட்டுவிட்டதால், கைக்குழந்தையோடும் மடக்குக் கதிரையோடும் இரண்டு மூன்று வாகனங்கள் மாறித்தான் போய்ச்சேர வேண்டும். அறுபதைத் தாண்டியவர்கள் பலர் இந்த அலைச்சலுக்கு அஞ்சியே வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

எங்களில் ஒருவரான நான் அஃப்ரோஃபெஸ்டுக்குப் போன ஒரு மாலையில், என் பக்கத்தில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். மேடையில் ஒருவர் இடை சிறுத்த முழவொன்றைக் கக்கத்தில் இடுக்கி, வளைந்த கோலால் அடித்துக்கொண்டே, அதன் இருபுறத் தோல்களையும் இணைக்கும் வார்களை முழங்கையால் நெரித்தும் தளர்த்தியும் குரலை ஏற்றி இறக்கினார். "இது எங்கட உடுக்கெல்லே!" என்று பெரியவர் எழுந்தே விட்டார். அளவும் அடிக்கும் முறையும் வேறானாலும், வாரை இறுக்கிச் சுருதியை மாற்றும் சூட்சுமம் இரண்டிலும் ஒன்றுதான். முன்வரிசையில் இருந்த நைஜீரியப் பெண்மணி அவருக்கு மேலும் ஒன்றை விளங்கப்படுத்தினார்: யொருபா மொழியில் குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருளே மாறுமாதலால், அந்த முழவு வெறுந்தாளம் போடுவதில்லை, அவையில் இருப்பவரைப் பெயர் சொல்லிப் புகழவும் செய்கிறது. கட்டணம் வைத்த மண்டபத்தில் அந்த இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் அமர்ந்திருப்பார்களா என்பது ஐயமே.

கோவில் வெளிவீதியில் மணலில் பாய் விரித்து, விடியும்வரை மேளக்கச்சேரி கேட்டு வளர்ந்தவர்கள் எங்களில் பலர். அங்கே யாரும் நுழைவுச்சீட்டுக் கேட்டதில்லை. மார்க்கம் வீதியில் 2015 முதல் நடந்த தமிழர் தெருவிழாவுக்கும் எல்லா இனத்தவரும் இலவசமாக வந்தார்கள். அயலவரின் இசைக்கும் அதே இடம் கிடைக்கவேண்டும் என்றே கேட்கிறோம்.

கலைஞர்களை வெளிநாட்டிலிருந்து அழைக்கவேண்டிய தேவையும் இல்லை. கானா, கினி முதலிய நாடுகளிலிருந்து வந்து கனடாவில் வாழும் கித்தார்க் கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய 'ஆபிரிக்கன் கித்தார் சமிற்' 2005இலும், செனகலின் கோராவையும் எரித்திரியாவின் கிரார் என்னும் யாழையும் ஒரே மேடையில் ஏற்றிய, ரொறன்ரோவைச் சேர்ந்த 'ஒக்கவாங்கோ ஆபிரிக்க இசைக்குழு' 2017இலும் கனடாவின் யூனோ இசை விருது பெற்றன. பாதிச் சுரைக்குடுக்கையில் மாட்டுத்தோல் போர்த்தி 21 நரம்பு கட்டிய கோராவை மரபுவழியில் வாசித்து வருபவர்கள், எங்கள் பாணரைப்போலக் குலவரலாற்றைப் பாடிவந்த இசைக்குடியினர். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்: இலவசம் என்பது கேட்பவருக்கே, வாசிப்பவருக்கு அன்று. "உங்களுக்கு நல்ல விளம்பரம்" என்று சொல்லிக் கலைஞரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் எங்கள் சமூக விழாக்களிலும் உண்டு. இங்கு அது வேண்டாம்.

ஒலி பற்றிய முறைப்பாடுகள் எழும் என்பதை அறிவோம். 2016இல் அதே காரணத்தால் அஃப்ரோஃபெஸ்டின் இரண்டு நாள் அனுமதி ஒரு நாளாகக் குறைக்கப்பட்டு, பலத்த எதிர்ப்பின் பின்னரே மீள வழங்கப்பட்டது. அந்நிலை வராதிருக்க, நிகழ்ச்சிகளை மாலை 6.30க்குத் தொடங்கி 9.00 மணிக்கு முடிக்கவும், முதல் இரண்டு மாலைகளைக் கோரா, பலஃபோன் (மரச்சட்டங்களைக் கோலால் தட்டி வாசிப்பது) போன்ற மென்னொலிக் கருவிகளுக்கு ஒதுக்கவும், ஒலிபெருக்கிகளை எத்திசையில் வைப்பது என்பதை உங்கள் அலுவலர்களோடு முன்கூட்டியே அந்த இடத்தில் நின்று தீர்மானிக்கவும் உடன்படுகிறோம்.

ஆகவே, அனுமதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, ஒலிக் கட்டுப்பாட்டு விதிவிலக்குக்கான விண்ணப்பத்தை நான்கு மாலைகளுக்கும் ஒன்றாக ஏற்று, மின்னிணைப்பையும் கழிப்பறைகளையும் நிகழ்ச்சி முடியும்வரை திறந்துவைத்து, கலைஞர்களின் ஊதியத்தில் ஒரு பகுதியை மாநகரசபையின் கலைநிதியிலிருந்து வழங்குமாறு வேண்டுகிறோம். மேடைக்கு ஒரு கூரையும் அவசியம். ஈரம் பட்டால் ஜெம்பே முழவின் ஆட்டுத்தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும், அதை மீண்டும் இழுத்துக் கட்டும்வரை கூட்டம் காத்திராது. கதிரைகளை அடுக்குவதும் குப்பை அகற்றுவதும் எங்கள் தொண்டர்களின் பொறுப்பு.

கோடைகால இட ஒதுக்கீடு முடிவதற்குள் எங்களைச் சந்திக்க ஒரு நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கையொப்பப் பட்டியலை அன்று நேரில் கையளிப்போம்.

இப்படிக்கு,
ஸ்காபரோ குடியிருப்பாளர்கள் சார்பில், மனுதாரர்கள்.