டிவி சிக்னல் கோளாறு: தவறான கேபிள் ஜாயிண்ட், தேவையில்லாமல் வாங்கிய கட்டணம் தொடர்பான புகார்

நாகப்பட்டினம்,
11.11.2024

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்கள்

ஐயா,

2022 ஜூலையில் உங்கள் ஆட்கள் வந்து எங்கள் மொட்டை மாடியில் டிஷ் பொருத்தினார்கள். கடந்த அக்டோபர் 24 அன்று பெய்த மழையோடு பாதி சேனல்கள் போய்விட்டன. மீதிப் பாதி கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. பணம் கட்டாததால் நின்றிருக்கும் என்று போனில் சொன்னார்கள். கட்டிய ரசீது என் கையில் இருந்தது.

26ஆம் தேதி வந்தவர், டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்பும் எல்.என்.பி. போய்விட்டது என்று புதிதாக மாட்டி, அதற்கு 900 ரூபாயும் வந்துபோனதற்கு 250 ரூபாயும் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் படம் நன்றாக வந்தது. அந்த இரண்டு நாளும் நல்ல வெயில். மறுபடி மழை, மறுபடி பாதி சேனல் காலி. நவம்பர் 3ஆம் தேதி வந்த வேறொருவர் மாடிக்கே ஏறவில்லை. ரிமோட்டை நாலு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பாக்ஸையே மாத்தணும் சார்" என்றார். அதற்கும் 250 ரூபாய்.

நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். டிவி எனக்குப் புதிது, ஒயர் புதிதல்ல. 9ஆம் தேதி பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபிளின் இரு முனையையும் கழற்றி மீட்டர் வைத்தேன். நடுக்கம்பிக்கும் அதைச் சுற்றியுள்ள வலைக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டியது. கேபிளைத் தடவிக்கொண்டே போனால், கைப்பிடிச் சுவரோரம் துளசித் தொட்டிக்குப் பின்னால் கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு. டிஷ் பொருத்திய அன்று கேபிள் எட்டவில்லை போலிருக்கிறது. இரண்டு துண்டையும் வெறும் கையால் முறுக்கி, டேப் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். டேப்பைப் பிரித்ததும் தண்ணீர் சொட்டியது. நடுக்கம்பியில் பச்சைக் களிம்பு, வலை வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. கடல் காற்று அடிக்கிற ஊரில் இந்த ஜாயிண்ட் இரண்டு வருஷம் தாங்கியதே பெரிது. எல்.என்.பி. மாற்ற வந்தவர் இதைத் தாண்டித்தான் டிஷ்ஷுக்குப் போயிருக்க வேண்டும்.

பாதி சேனல் மட்டும் ஏன் போனது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பாக்ஸிலிருந்து எல்.என்.பி.க்கு மின்சாரம் போவதும் இதே கேபிளில்தான். சில சேனலுக்கு 13 வோல்ட், சிலவற்றுக்கு 18 வோல்ட். களிம்பேறிய ஜாயிண்ட்டில் மின்னழுத்தம் இறங்கிவிட்டால் 18 வோல்ட் சேனல்கள் வராது. புது எல்.என்.பி. மாட்டியும் இரண்டே நாளில் பழைய கதைதான் என்றபோதே கேபிள் மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

கெட்ட இடத்தை மட்டும் வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். இரண்டடி வெட்டியும் வலை கறுப்பாகவே இருந்தது. தண்ணீர் உள்ளுக்குள்ளேயே ஏறியிருந்தது. கடைத்தெருவில் 20 மீட்டர் கேபிளும் இரண்டு கனெக்டரும் 440 ரூபாய்க்கு வாங்கி, ஜாயிண்ட் இல்லாமல் ஒரே இழுப்பாக இழுத்தேன். முதல் தடவை வலையின் ஒரு மயிரிழை நடுக்கம்பியில் பட்டு, பாக்ஸ் ஷார்ட் என்று காட்டியது. அது என் தப்பு. திரும்பச் சீவி மாட்டினேன். டிஷ் பக்கம் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்திருக்கிறேன். மழைத்தண்ணீர் கனெக்டருக்குள் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும். நேற்று இரவு நல்ல மழை. எல்லாச் சேனலும் வந்தன.

எனவே எல்.என்.பி.க்கும் இரண்டு முறை வந்துபோனதற்கும் வாங்கிய 1,400 ரூபாய், கேபிள் செலவு 440, ஆக 1,840 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். படம் சரியாக வராத 15 நாளை என் சந்தாவில் கூட்டித் தர வேண்டும். நீங்கள் மாட்டிய புது எல்.என்.பி.யைக் கழற்றிக்கொண்டு, நன்றாக இருந்த பழையதைக் கொண்டுவந்து மாட்டுங்கள். அதே ஆட்கள் எங்கள் தெருவில் இன்னும் நாலு வீட்டில் டிஷ் பொருத்தியிருக்கிறார்கள், அவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. 15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

ரசீது நகல்களும் படங்களும் இத்துடன் உள்ளன. வெட்டியெடுத்த ஜாயிண்ட்டை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்